தோனி கையெழுத்து போட்ட பேட் 18,000 ரூபாய்க்கு வருதா? முதல்ல மூலப்பத்திரம் கேளுங்க!



இன்ஸ்டாகிராம்ல இப்படி ஒரு விளம்பரம் வருதுன்னு வச்சுக்குவோம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கிரிக்கெட் பேட். நடுவுல கறுப்பு மார்க்கர்ல தோனி கையெழுத்து. கூடவே தங்கக் கலர் முத்திரை ஒட்டின ஒரு சர்டிபிகேட். "கடைசி 2 பீஸ் மட்டும்! விலை 18,000 ரூபாய். அஞ்சு வருஷத்துல ஒரு லட்சம் போகும்." கீழே ஒரு க்யூ.ஆர். கோடு.

மாசம் 25,000, 30,000 சம்பளம் வாங்குறவருக்கு இது பாதிச் சம்பளத்துக்கும் மேல. ஆனா ஆசை யாரை விட்டுச்சு? "தல கையெழுத்தும் ஆச்சு, இன்வெஸ்ட்மென்டும் ஆச்சு"ன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடும்.

வாங்கலாமா? பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஒரு கையெழுத்தை உத்துப் பார்த்து "இது போலி"ன்னு சில சமயம் நம்மால சொல்ல முடியும். "இது அசல்தான்"னு உறுதியா சொல்றது ரொம்பக் கஷ்டம். அதனால நாம முக்கியமா பார்க்க வேண்டியது மையை இல்ல. அந்தப் பொருள் யார் கையில இருந்து யார் கைக்கு வந்துச்சுங்கிற வழியைத்தான் பார்க்கணும்.

நிலம் வாங்கற புத்தியை இங்கேயும் கொண்டு வாங்க

கெங்கவல்லி பக்கம் அரை ஏக்கர் தோட்டம் விலைக்கு வருதுன்னா நம்ம அப்பாவும் சித்தப்பாவும் என்ன பண்ணுவாங்க? விக்கிறவர் கையில இருக்கிற ஒரு பத்திரத்தை மட்டும் பார்த்துட்டு அட்வான்ஸ் குடுத்துடுவாங்களா? மாட்டாங்க. மூலப்பத்திரம் எங்கே, யார் யாருக்கு எந்த வருஷம் எழுதிக் குடுத்தாங்க, பாகப்பிரிவினை முறையா ஆச்சா, பட்டா யார் பேர்ல இருக்கு, 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா... இவ்வளவும் கேட்பாங்க. நடுவுல ஒரு கண்ணி அறுந்திருந்தா, "வேண்டாம்ப்பா, நாளைக்கு கோர்ட்டு கேஸுன்னு அலைய முடியாது"ன்னு எழுந்து வந்துடுவாங்க.

மரவள்ளிக் கிழங்குக்குக்கூட நம்ம பக்கம் மாவுச்சத்து பாயிண்ட் பார்த்துத்தான் விலை. "நல்ல கிழங்குங்க, நம்பி எடுங்க"ன்னு சொன்னா மில்லுக்காரர் தலையாட்ட மாட்டார்.

இதே ஆளுங்க வீட்டுப் பிள்ளை, 18,000 ரூபாய் பேட்டுக்கு ஒரு கேள்வியும் கேட்காம பணம் அனுப்புது. ஏன்? அங்கே விலை பேசறது பொருள் இல்ல, பாசம். போலி விக்கிறவருக்கு இது நல்லா தெரியும்.

கையெழுத்துக்கு விலை எங்கிருந்து வருது?

2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில வான்கடேல தோனி கடைசி சிக்ஸ் அடிச்ச பேட், அதே வருஷம் ஜூலை மாசம் லண்டன்ல ஒரு அறக்கட்டளை விருந்துல ஏலம் போச்சு. விலை 1 லட்சம் பவுண்டு. அன்னிக்குக் கணக்குல சுமார் 72 லட்சம் ரூபாய். 2020 ஜனவரியில ஷேன் வார்ன் தன்னோட டெஸ்ட் தொப்பியை ஆஸ்திரேலியக் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஏலம் விட்டார். அது 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல போச்சு.

இந்த ரெண்டையும் கவனிச்சீங்களா? பேட்டும் தொப்பியும் சாதாரணப் பொருள்தான். "இது அந்த மனுஷன்கிட்ட இருந்து நேரா வந்தது" அப்படிங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. விலை அங்கேதான் இருக்கு. உடையவரே ஏலம் விடுறார், உலகமே பார்க்குது. மூலப்பத்திரம் பளிச்சுன்னு இருக்கு.

இன்னொரு உதாரணம் நம்ம சேப்பாக்கத்துலயே நடந்தது. 2023 மே 14, கொல்கத்தாவோட சென்னை ஆடின மேட்ச் முடிஞ்சதும், சுனில் கவாஸ்கர் ஓடிப் போய் தன் சட்டையிலயே தோனிகிட்ட கையெழுத்து வாங்கினார். லைவ் கேமரா, ஸ்டேடியம் முழுக்க சாட்சி. அந்தச் சட்டைக்கு சர்டிபிகேட்டே தேவை இல்ல.

இப்போ நம்ம விளம்பரப் பேட்டுக்கு வாங்க. அதைத் தோனி எந்த ஊர்ல, எந்த நாள்ல, யாருக்குப் போட்டுக் குடுத்தார்? அந்த ஆள் எதுக்கு வித்தார்? இந்தக் கேள்விக்கு அங்கே பதிலே கிடையாது. வெறும் முத்திரைதான் இருக்கு.

போலி எத்தனை வகை?

போலின்னா யாரோ ஒருத்தர் உக்காந்து காப்பி அடிக்கிறது மட்டும் இல்ல. அஞ்சு வகை இருக்கு.

1. கையால போடுற போலி. அசலைப் பார்த்துப் பழகி, அப்படியே போடுறது. கைதேர்ந்தவர் போட்டா கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

2. அச்சு. பேட்டு கம்பெனி ஸ்டிக்கர்லயே வீரர் கையெழுத்து அச்சாகி வரும். போட்டோவிலயும் அப்படித்தான். இதைச் சும்மா நினைவுப் பொருளா வித்தா தப்பில்ல. "நேர்ல போட்டது"ன்னு சொல்லி வித்தா மோசடி.

3. ரப்பர் ஸ்டாம்ப். பெரிய மனுஷங்க ஆபீஸ்ல கடிதத்துக்குப் போடுற முத்திரைக் கையெழுத்து.

4. உதவியாளர் போட்டது. ரசிகர் கடிதம் மூட்டை மூட்டையா வரும்போது நடிகர் ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து போட முடியுமா? ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோவுக்கு அவங்க அம்மாவே நிறையக் கையெழுத்து போட்டது சேகரிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். படம் அசல், கவர் அசல், அனுப்பின ஆபீஸும் அசல். கையெழுத்து மட்டும் அவங்களோடது இல்ல.

5. ஆட்டோபென். நிஜப் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு மாதிரிக் கையெழுத்தை அப்படியே திரும்பத் திரும்பப் போடுற மெஷின். மை நிஜம், அழுத்தமும் நிஜம். கை மட்டும் இல்ல.

சர்டிபிகேட் இருந்தா போதுமா? மூணு கதை கேளுங்க

முதல் கதை, அமெரிக்கா. 1990-கள்ல எஃப்.பி.ஐ. "ஆபரேஷன் புல்பென்"னு ஒரு பெரிய விசாரணை நடத்துச்சு. விளையாட்டு வீரர்கள், சினிமாக்காரங்க கையெழுத்தை மூட்டை மூட்டையா போலியா போட்டு, கூடவே போலி சர்டிபிகேட்டும் அச்சடிச்சு வித்த கும்பல் 1999-ல மாட்டுச்சு. சாண்டியேகோ அணியோட நட்சத்திர வீரர் டோனி க்வின், தன்னோட அணியின் கடையிலயே தன் பேர்ல போலிக் கையெழுத்து விற்பனைக்கு இருந்ததைப் பார்த்துச் சொன்னார். பிடிபட்ட பொருள்ல உச்சம் என்ன தெரியுமா? அன்னை தெரசா கையெழுத்து போட்ட பேஸ்பால்! கொல்கத்தாவுல ஏழைகளுக்குச் சேவை செஞ்ச ஒரு கன்னியாஸ்திரீ எதுக்குப் பேஸ்பால்ல கையெழுத்து போடணும்னு யோசிச்சிருந்தாலே போதும். ரொம்பக் கிராக்கியான பிரபலங்களோட கையெழுத்துப் பொருள்ல பாதிக்கு மேல போலியா இருக்கலாம்ங்கிறதுதான் அந்த விசாரணை நேரத்து மதிப்பீடு.

ரெண்டாவது கதை, நம்ம நாடு. 2011-ல கொல்கத்தா அரசு கலைக் கல்லூரியில ரவீந்திரநாத் தாகூர் வரைஞ்சதா 20 ஓவியங்களைக் காட்சிக்கு வெச்சாங்க. சந்தேகம் கிளம்பி, இந்தியத் தொல்லியல் துறையோட நிபுணர்கள் பார்த்து, அவை தாகூர் வரைஞ்சது இல்லன்னு சொன்னாங்க. மதிப்பான இடத்துல மாட்டிட்டா மட்டும் ஒரு பொருள் அசல் ஆகிடாதுன்னு இதுல தெரியுது.

மூணாவது கதை, 2022. பாடகர் பாப் டிலனோட புத்தகம் ஒண்ணை, சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் "கையால கையெழுத்து போட்ட" 900 பிரதிகள்னு சொல்லி, ஒண்ணு 599 டாலருக்கு வித்துச்சு. கூடவே பதிப்பகத் தலைவரோட உறுதிக் கடிதமும் வந்துச்சு. வாங்கினவங்க தங்கள் பிரதியைப் போட்டோ எடுத்து ஆன்லைன்ல ஒப்பிட்டுப் பார்த்தா, கையெழுத்துகள் அச்சு அசலா ஒரே மாதிரி. ஆட்டோபென்! பதிப்பகம் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் குடுத்துச்சு. டிலனும் மன்னிப்பு கேட்டார்.

இந்த மூணாவது கதையில ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, பெரிய கம்பெனி சர்டிபிகேட்டும் தப்பாகலாம். ரெண்டு, அந்த வாசகர்களுக்குப் பணம் திரும்பி வந்ததுக்குக் காரணம் சர்டிபிகேட் காகிதம் இல்ல. விலாசம் உள்ள, பேர் கெட்டுடக் கூடாதுன்னு பயப்படுற ஒரு விற்பனையாளர் எதிர்ல இருந்தது. சர்டிபிகேட்டோட மதிப்பு, அதைக் குடுத்தவரோட மதிப்புதான். பத்து ரூபாய்க்குக் கலர் பிரிண்ட் போட்ட காகிதத்தை யார் வேணாலும் குடுக்கலாம்.

அமெரிக்காவுல பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் மாதிரி கையெழுத்தைச் சோதிச்சு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டித் தர்ற நிறுவனங்கள் இருக்கு. அந்த நம்பரை அவங்க வெப்சைட்லயே போட்டுப் பார்க்கலாம். ஆனா நம்பர் பொருந்தினா மட்டும் போதாது. அங்கே பதிவான பொருளும் உங்க கையில இருக்கிற பொருளும் ஒண்ணுதானான்னு பாருங்க. ஒரு அசல் பொருளோட நம்பரை இன்னொண்ணுல ஒட்டறது கஷ்டமே இல்ல.

வீட்டிலயே பண்ணக்கூடிய சோதனைகள்

இதெல்லாம் போலியை வெளியேத்தறதுக்குத்தான். இதுல பாஸ் ஆகிட்டா அசல்னு அர்த்தம் இல்ல. வடிகட்டி மாதிரி நினைச்சுக்குங்க.

வேகம் பாருங்க. உங்க கையெழுத்தை நீங்க எவ்வளவு நேரத்துல போடுவீங்க? ரெண்டு செகண்ட். அந்த வேகத்துல கோடு ஆரம்பிக்கிற இடமும் முடியுற இடமும் ஊசி மாதிரி மெலிஞ்சு போகும். காப்பி அடிக்கிறவர் மெதுவா வரைவார். அதனால கோட்டுல லேசான நடுக்கம், முனை மழுங்கி நிக்கிறது, வளைவு நடுவுல பேனாவைத் தூக்கி மறுபடி வெச்ச அடையாளம் இதெல்லாம் இருக்கும்.

ரொம்பப் பொருந்தினா சந்தேகப்படுங்க. ஒரே ஆள் போடுற ரெண்டு கையெழுத்து நூத்துக்கு நூறு ஒரே மாதிரி இருக்காது. விளம்பரத்துல இருக்கிற கையெழுத்தையும் கூகுள்ல கிடைக்கிற ஒண்ணையும் மொபைல்ல ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. மயிரிழை பிசகாம உக்காந்தா, அச்சு, டிரேஸிங் அல்லது ஆட்டோபென்.

பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க. அச்சுன்னா சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். நிஜ மைன்னா மரத்தோட ரேகையில, தாளோட நார்ல லேசா இறங்கியிருக்கும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா பளபளப்பும் மாறும்.

வருஷக் கணக்கு போடுங்க. பெரிய போலிகள் மாட்டறது இங்கேதான். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்து பரபரப்பா வித்தது 1945-ல. பாரதியார் மறைஞ்சது 1921-ல. அப்போ "பால்பாயின்ட் பேனாவுல பாரதியார் கையெழுத்து"ன்னா? சிரிச்சுட்டுப் போயிடலாம். ஷார்பி மார்க்கர் வந்தது 1964-ல. அதுக்கு முன்னாடி மறைஞ்சவங்க யாரும் அதுல எழுதியிருக்க முடியாது. கிரிக்கெட்லயும் இதே கணக்குதான். சூப்பர் கிங்ஸ் அணி 2016, 2017 ரெண்டு சீசனும் தடையில இருந்துச்சு. "2017 சி.எஸ்.கே. டீம் மொத்தமும் கையெழுத்து போட்ட ஜெர்சி"ன்னு யாராவது வித்தா, அப்படி ஒரு டீமே அந்த வருஷம் ஆடலை.

புற ஊதா டார்ச் அடிங்க. சுமார் 1950-க்குப் பிறகு வந்த வெள்ளைத் தாள்ல வெண்மை கூட்டுற ரசாயனம் கலப்பாங்க. அந்த டார்ச் வெளிச்சத்துல நீலமா ஒளிரும். "1930-கள்ல எழுதின கடிதம்" அப்படி ஒளிர்ந்தா கதை முடிஞ்சது. ஆனா ஒளிரலைன்னா நிம்மதி ஆகிடாதீங்க. பழைய புத்தகத்துல இருக்கிற வெத்துத் தாளைக் கிழிச்சு அதுல எழுதறது போலி போடுறவங்களோட பழைய வித்தை.

கண்ணை ஏன் முழுசா நம்பக் கூடாது?

காந்தியையே எடுத்துக்குவோம். "எம்.கே. காந்தி"ன்னும் போடுவார், "பாபு"ன்னும் போடுவார். தமிழ்ல "மோ.க. காந்தி"ன்னும் போட்டிருக்கார். அது மட்டும் இல்ல. 1909-ல கப்பல்ல வரும்போது "ஹிந்த் ஸ்வராஜ்" எழுதினாரே, வலது கை வலிச்சப்போ சுமார் 40 பக்கங்களை இடது கையால எழுதினார். அதாவது ஒரே மனுஷன், ரெண்டு கை, பல மொழி, பல பேர். "இது மத்த காந்தி கையெழுத்து மாதிரி இல்லையே, அப்போ போலி"ன்னும் சொல்ல முடியாது. "இது அதே மாதிரி இருக்கு, அப்போ அசல்"னும் சொல்ல முடியாது.

ஒரு சுவாரஸ்யமான விஷயமும் உண்டு. ஹரிஜன நிதிக்காகக் காந்தி தன் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கினார். அதனால அவர் போட்ட கையெழுத்துகள் நாடு முழுக்க நிறைய வீடுகள்ல போய்ச் சேர்ந்துச்சு. "எங்க தாத்தா அப்போ வாங்கினது"ங்கிற கதை நிஜமாவும் இருக்கலாம். அதே காரணத்தால போலிக்கும் அந்தக் கதை வசதியா இருக்கும்.

நம்ம சேலத்துலயும் இப்படி ஒரு கதைக் களம் இருக்கு. டி.ஆர். சுந்தரத்தோட மாடர்ன் தியேட்டர்ஸ். "மந்திரி குமாரி", "அலிபாபாவும் 40 திருடர்களும்" எல்லாம் எம்.ஜி.ஆர். நடிச்சு அங்கே எடுத்த படங்கள். இன்னைக்கு ஏற்காடு ரோட்டுல வளைவு மட்டும் நிக்குது. "எங்க பெரியப்பா மாடர்ன் தியேட்டர்ஸ்ல லைட்மேன், எம்.ஜி.ஆர். அவருக்குப் போட்டுக் குடுத்த போட்டோ"ன்னு ஒருத்தர் சொன்னா சட்டுன்னு நம்பத் தோணும், ஏன்னா நடந்திருக்கக்கூடிய விஷயம். ஆனா நடந்திருக்கலாம்ங்கிறது வேற, நடந்துச்சுங்கிறது வேற. பெரியப்பாவோட சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, அதே நாள்ல எடுத்த இன்னொரு குரூப் போட்டோ, ஒரு பழைய கடிதம் இப்படி ஏதாவது ஒரு காகிதம் அந்தக் கதைக்குத் துணை நிக்கணும். பத்திரம் இல்லாத நிலத்துக்கு வாய்மொழி மட்டும் போதாது, இல்லையா?

இப்போ பணக் கணக்குக்கு வருவோம்

முதல் கணக்கு. பேட் அசல்னா 18,000 மதிப்பு, போலின்னா வெறும் பேட்டுக்கு 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அசலா இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்போ உங்க கண்ணோட்டத்துல அதோட மதிப்பு 18,000-ல பாதி 9,000, 1,000-ல பாதி 500, ஆக மொத்தம் 9,500 ரூபாய். நீங்க குடுக்கறது 18,000. வாங்கின நிமிஷமே 8,500 ரூபாய் நஷ்டத்துல நிக்கறீங்க.

ரெண்டாவது கணக்கு. அசலாவே இருக்கட்டும். அதே 18,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு 5 வருஷம் போட்டா சுமார் 25,250 ரூபாய் ஆகும். பேட்டை விக்கும்போது ஏலக்காரர் அல்லது இடைத்தரகர் 15 சதவீதம் எடுத்துக்கிட்டா, உங்க கைக்கு அந்த 25,250 வரணும்னா பேட் சுமார் 29,700 ரூபாய்க்கு விக்கணும். வட்டிக்குச் சமமாகவே இவ்வளவு வேணும். லாபம் அதுக்கு அப்புறம்தான்.

மூணாவது, வாங்கறவர் எங்கே? மியூச்சுவல் ஃபண்டுக்குத் தினமும் ஒரு என்.ஏ.வி. இருக்கு. தங்கத்துக்குக் காலையில ரேட் போடுறாங்க. கையெழுத்துப் பேட்டுக்கு? அவசரத்துக்குப் பணம் வேணும்னு நீங்க விக்கப் போனா, அன்னிக்கு எதிர்ல இருக்கிறவர் இதே கேள்வியைத்தான் உங்களைக் கேட்பார்: "மூலப்பத்திரம் எங்கே?"

நாலாவது, இதைக் கிரெடிட் கார்டுல வாங்கி, பில்லை முழுசா கட்டாம விட்டா? மாசம் 3.5 சதவீத வட்டின்னா 18,000-க்கு மாசம் 630 ரூபாய். வட்டி கட்டி வாங்கற பொருள் இன்வெஸ்ட்மென்ட் ஆகாது.

அதனால என்னோட கருத்து இதுதான். கையெழுத்து சேகரிக்கறது அழகான ஹாபி. அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா ஹாபி பணத்துல பண்ணுங்க. ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், ஹெல்த் இன்ஷூரன்ஸ், எஸ்.ஐ.பி. எல்லாம் போக மிச்சம் இருக்கிற காசுல, முழுசா போனாலும் தூக்கம் கெடாத அளவுக்கு மட்டும்.

பணம் அனுப்பறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

1. எங்கே, எப்போ, யார் முன்னாடி கையெழுத்து போட்டது? போட்டோவோ வீடியோவோ இருக்கா?
2. அதுக்கு அப்புறம் இதுவரைக்கும் யார் யார் கையில இருந்துச்சு?
3. சர்டிபிகேட் குடுத்தது யாரு? அவங்களுக்கு விலாசம், போன் இருக்கா? விக்கிறவரே தனக்குத்தானே குடுத்துக்கிட்டதா?
4. இதே மாதிரி எத்தனை பீஸ் இருக்கு? "கடைசி 2 பீஸ்" மாசம் பூரா ஓடுதா?
5. ஜி.எஸ்.டி. பில் தருவீங்களா? பில்லுல "நேரடியாகக் கையால் இட்ட கையெழுத்து"ன்னு எழுதித் தருவீங்களா?
6. போலின்னு தெரிஞ்சா எத்தனை நாளுக்குள்ள பணம் திரும்பத் தருவீங்க? எழுத்துல தருவீங்களா?

நேர்மையான விற்பனையாளர் இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டார். "நம்பிக்கை இல்லன்னா வாங்காதீங்க ப்ரோ"ன்னு பதில் வந்தா, அந்த அறிவுரையை அப்படியே ஏத்துக்குங்க!

ஏமாந்துட்டா என்ன பண்றது?

வெட்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்துடாதீங்க. போலி வியாபாரம் ஓடறதே அந்த வெட்கத்துலதான்.

ஆன்லைன்ல பணம் அனுப்பி ஏமாந்தா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. அது தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், சாட், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், பார்சல் கவர் எல்லாத்தையும் பத்திரமா வையுங்க. பேட்டைக் கோபத்துல தூக்கிப் போட்டுடாதீங்க, அதுதான் சாட்சி.

கடையோ கம்பெனியோ வித்திருந்தா அது நுகர்வோர் விவகாரமும்கூட. முதல்ல 1915-ல தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லுங்க. தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற இடத்துலயே வழக்கு போடலாம். விக்கிறவர் டெல்லியில இருந்தாலும் கெங்கவல்லிக்காரர் சேலத்துலயே புகார் குடுக்கலாம். பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஒரு தனி ஆள் தன் வீட்டுப் பொருளை ஒரு தடவை வித்திருந்தா மட்டும் இந்த வழி பொருந்தாது. அப்போ போலீஸ் புகார்தான்.

குற்றவியல் சட்டத்துல, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவோட 318-வது பிரிவு ஏமாத்தறதைப் பத்திப் பேசுது. அதுல 4-வது உட்பிரிவுப்படி 7 வருஷம் வரைக்கும் சிறை கிடைக்கலாம். பழைய 420 இப்போ இங்கேதான் இருக்கு.

இருக்கறதுலயே நல்ல கையெழுத்து எது?

நீங்களே நேர்ல வாங்கினது! நம்ம சேலம் மாவட்டத்து சின்னப்பம்பட்டியில இருந்து போய் இந்திய அணிக்கு ஆடினவர் நடராஜன். ஊர்ல சொந்தமா கிரிக்கெட் மைதானமே கட்டி, 2023-ல திறந்தார். இந்த மாதிரி நம்ம பக்கத்து ஆளுங்க, டி.என்.பி.எல். மேட்சுக்கு வர்ற வீரர்கள், புத்தகக் கண்காட்சிக்கு வர்ற எழுத்தாளர்கள், இவங்ககிட்ட மரியாதையா கேட்டா கையெழுத்து கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு மார்க்கரும்தான்.

அப்படி வாங்கும்போது மூலப்பத்திரத்தையும் நீங்களே எழுதிடுங்க. அவர் கையெழுத்து போடும்போது நண்பரை விட்டு ஒரு சின்ன வீடியோ எடுக்கச் சொல்லுங்க. கையும் பேனாவும் பொருளும் தெரியணும். அன்னைக்கு ராத்திரியே ஒரு தாள்ல தேதி, இடம், நிகழ்ச்சி, கூட இருந்தவங்க பேர் எழுதி, மேட்ச் டிக்கெட்டோட சேர்த்து ஒரு கவர்ல போட்டு வையுங்க. உங்க பேரைச் சேர்த்து எழுதச் சொன்னா விக்கும்போது விலை கொஞ்சம் குறையும்னு சொல்வாங்க. பரவாயில்ல, கேளுங்க. விக்கவா வாங்கறோம்? வெயில் படாத இடத்துல வையுங்க, மார்க்கர் மை வெளுத்துடும்.

இருபது வருஷம் கழிச்சு உங்க பொண்ணோ பையனோ "இது நிஜமாவே அவர் போட்டதாப்பா?"ன்னு கேட்டா, வீடியோவைப் போட்டுக் காட்டலாம்.

அந்த 18,000 ரூபாய் பேட்டுக்கு வர்றேன். மேல இருக்கிற ஆறு கேள்வியையும் அந்த இன்ஸ்டா பேஜுக்கு மெசேஜ் பண்ணிப் பாருங்க. ஆறுக்கும் எழுத்துல பதில் வந்தா யோசிக்கலாம். பிளாக் பண்ணிட்டாங்கன்னா 18,000 ரூபாய் மிச்சம். இந்த மாசம் எஸ்.ஐ.பி.யில சேர்த்துப் போட்டுடுங்க.

யு.பி.ஐ.ல ஏமாந்தா 1930-ல என்னென்ன கேட்பாங்க, புகாரை எப்படிப் பதிவு பண்றதுன்னு அடுத்த வீடியோவுல படிப்படியா பார்க்கலாம். ஆசையா பேட் வாங்கக் கிளம்பியிருக்கிற நண்பர் யாராவது இருந்தா, அவர் பணம் அனுப்பறதுக்குள்ள இதை அனுப்பி வையுங்க.